மூன்று அட்டைப்பெட்டிகளும் ஓர் இனிஷியலும்: உகாண்டா ஊழியப் பயணம்

உகாண்டாவின் எந்தெபே விமான நிலையத்தில் எங்கள் மூன்று அட்டைப்பெட்டிகளையும் பிரித்து மேசைமேல் பரப்பிவிட்டார்கள். "என்ன மருந்து, எத்தனை மாத்திரை, பட்டியல் எங்கே?" என்று அந்த அதிகாரி கேட்டார். குரலில் கோபமே இல்லை. பட்டியல் இருந்தால்தானே கொடுப்பதற்கு! "ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க" என்று எங்கள் போதகர் ஐயா மூன்று தடவை சொன்னார். அதிகாரி மூன்று தடவையும் தலையாட்டிவிட்டுப் பட்டியலையே கேட்டார்.

அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது எங்கள் சேகரத்துச் சபைகளில் நாலு மாதமாகச் சேர்த்தது. டாக்டர்களிடம் வாங்கிய சாம்பிள் மாத்திரை, யாரோ வீட்டில் மிஞ்சிய சர்க்கரை மாத்திரை, பாதி காலியான டானிக். இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். "வேண்டாம்" என்று நானாவது சொல்லியிருக்க வேண்டும். காணிக்கையாகக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கு உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே விதி எழுதி வைத்திருக்கிறது. நன்கொடை மருந்தில் சாம்பிள் கூடாது, நோயாளி திருப்பிக் கொடுத்தது கூடாது, போய்ச் சேரும்போது பொதுவாக ஒரு வருஷமாவது காலாவதிக்கு மிச்சம் இருக்க வேண்டும், மருந்தின் பொதுப்பெயர் லேபிளில் இருக்க வேண்டும். எங்கள் பெட்டி ஒன்றிலும் தேறவில்லை. பெட்டிகள் அங்கேயே நின்றுவிட்டன. நாங்கள் வெறுங்கையோடு வெளியே வந்தோம்.

இதற்கு முன்பே ஊரில் இரண்டு சறுக்கல். முதலாவது மஞ்சள் காய்ச்சல் ஊசி. உகாண்டாவுக்குப் போக அது கட்டாயம். திரும்பி வரும்போது ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை சரியில்லை என்றால் இங்கேயும் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். முன்பதிவு இல்லாமல் ஒன்பது பேரும் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய், ஊசி போடும் இடத்தின் வாசலோடு திரும்பினோம். ஒரு குப்பியில் பல பேருக்கு மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். அதனால் நாள் குறித்துத்தான் போடுகிறார்கள். இரண்டாம் தடவை எட்டுப் பேர் போனோம். காய்ச்சலில் கிடந்த தம்பி ஒருவர் மட்டும் பயணத்துக்கு ஆறு நாள் முன்னால் போய்ப் போட்டுக்கொண்டார். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். அவர் டிக்கெட்டை மாற்றித் தனியாக வர வேண்டியதாயிற்று. சரி, ஒரு நல்ல செய்தி: 2016இலிருந்து இந்த ஊசி ஆயுளுக்கும் செல்லும், பத்து வருஷக் கணக்கு இல்லை.

இரண்டாவது, என் இனிஷியல். அங்கே நோயாளியைத் தொட வேண்டுமென்றால் ஊழியம் என்பதெல்லாம் கணக்கில்லை, அந்நாட்டு நர்ஸ் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும். என் நர்ஸிங் சான்றிதழில் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் கணவர் பெயர் முழுசாக. "இவர்கள் இருவரும் ஒரே ஆளா?" என்று மின்னஞ்சல் வந்தது. இனிஷியல் என்றால் என்ன என்று விளக்கி நான் எழுதிய கடிதத்தை இன்று படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கடைசியில் நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம், கூடவே திருமணச் சான்று. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது பதிவு வந்தது. பெண்களுக்குச் சொல்கிறேன், இதை ஆறு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

விசா ஆன்லைனில் வந்தது, அதில் கதை ஒன்றும் இல்லை.

தலைநகர் கம்பாலாவில் எங்களை அழைத்திருந்த சபையார் மறுநாள் காலையே மொத்த மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், துத்தநாக மாத்திரை, மலேரியாவுக்கு ஆர்ட்டிமீத்தர் கூட்டு மருந்து. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது'. நாலு மாதம் சேர்த்துக் கடல் தாண்டிச் சுமந்ததைவிட நல்ல சரக்கு, ரசீதோடு, ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்தது. எங்கள் குழுவின் டாக்டரம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை. (டாலரைப் புது நோட்டாக, 100 டாலர் தாளாகக் கொண்டுபோங்கள். பழைய நோட்டை வாங்க மாட்டேன் என்கிறார்கள், சின்னத் தாளுக்கு விலை குறைவு.)

அப்புறம் வடக்கே ஒரு முழுநாள் வண்டிப் பயணம். கருமாவில் சாலையோரம் பபூன் குரங்குகள், பக்வாச்சில் நைல் நதிப் பாலம். நாங்கள் போன இடம் யும்பே மாவட்டத்தில் உள்ள பிடிபிடி. 2016 ஆகஸ்டில் வெறும் புதர்க்காட்டில் தொடங்கிய அகதிகள் குடியிருப்பு இது. தெற்கு சூடானிலிருந்து ஓடி வந்தவர்கள் சில மாதங்களிலேயே இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அந்த மாவட்டத்துக்காரர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சுவிசேஷத் துண்டுப்பிரதி ஒரு கட்டு கொண்டுபோயிருந்தோம். மரத்தடியில் அந்த அகதிகள் கூடிப் பாட்டுப் பாடி ஆராதிப்பதை ஞாயிறன்று கேட்ட பிறகு அந்தக் கட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

உள்ளே போக அரசின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதில் ஒவ்வொருவர் பெயரும் இருக்க வேண்டும். ஊசி தாமதமான தம்பி தனியாக வந்ததால் அவர் பெயரைச் சேர்க்க மறந்துவிட்டோம். இரண்டு நாள் அவர் விடுதியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் எங்கள் சமையல்காரர்.

சமையல் என்றதும் நினைவுக்கு வருகிறது, எங்கள் பெரிய திட்டமே பசித்தவர்களுக்கு ஆக்கிப் போடுவதுதான். அங்கே உணவுப் பங்கீடு 2020லிருந்து குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2023இல் குடும்பங்களை மூன்று பிரிவாக்கி, கடைசிப் பிரிவுக்கு நிறுத்தியே விட்டார்கள். ஆகவே நெய் மணக்கப் பொங்கல் என்று ஊரிலேயே கணக்குப் போட்டிருந்தோம். சுகாதார நிலையத்துப் பொறுப்பாளர், முப்பது வயதுகூட இருக்காது, கேட்டுவிட்டு ஒரு நாடாவை என் கையில் கொடுத்தார். "மாமா, முதலில் இதைப் பிடியுங்கள்" என்றார். (அங்கே மூத்த பெண்களை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் குழுவுக்கு இரண்டு வாரமும் இதுவே சிரிப்பு.)

மேல்கையைச் சுற்றி அளக்கும் மூன்று நிற நாடா அது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5க்குக் கீழே சிவப்பு. இரண்டாம் நாள் ஒரு சிறுமி, பத்தொன்பது மாதம், 10.8. தாய் தூக்கி வந்தபோது அழக்கூட இல்லை. நம் கை சும்மா இருக்குமா? எங்களில் ஒருவர் பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக் கிட்டே கொண்டுபோய்விட்டார். பொறுப்பாளர் ஓடிவந்து தடுத்தார். முதலில் பசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். 92 கிராம், 500 கலோரி அடங்கிய வேர்க்கடலைப் பசைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். பிள்ளை நாக்கை நீட்டவில்லை. சாப்பிட்டால் வீட்டுக்கு அனுப்பி வாராவாரம் பார்க்கலாம். சாப்பிடாவிட்டால் உள்நோயாளியாகச் சேர்த்து, சத்துக் குறைந்த தனிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். பட்டினியில் வாடிய உடம்புக்கு ஒரேயடியாக ஊட்டினால் உப்புச் சமநிலை குலைந்து இதயமே நின்றுபோகலாம். இதெல்லாம் நான் படித்ததுதான். ஆனால் அந்த நிமிஷம் என் கையும் அந்தப் பிஸ்கட்டை நோக்கித்தான் போனது.

பொங்கல் திட்டம் அன்றோடு போயிற்று. அந்தப் பணத்தில், அவர்கள் சொன்ன இடத்தில், சோளமும் சோயாவும் கலந்த கஞ்சி மாவு வாங்கினோம். தம்பி வந்து சேர்ந்ததும் வரிசையில் காத்திருக்கும் தாய்மாருக்குக் காலையில் கஞ்சி காய்ச்சினார். கிண்டக் கிண்டக் கட்டி விழுந்தது. அங்குள்ள அக்கா ஒருவர் கரண்டியைப் பிடுங்கிக் கற்றுக்கொடுத்தார். மற்ற நாட்கள் எனக்கு நாடா, எடை, மலேரியா சோதனைக் குச்சி, இவ்வளவுதான். மழைக்காலம், குச்சியில் இரண்டு கோடு (மலேரியா இருக்கிறது என்று அர்த்தம்) விழாத பிள்ளை குறைவு.

ஒன்பதாம் நாள் அந்தச் சிறுமி பொட்டலத்தின் ஓரத்தைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்து வாங்கப் பார்த்தேன், கத்தினாள். நல்ல கத்தல்.

திரும்பும்போது மும்பையில் ஒருவர் மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சரக்கில் போட்டிருந்தார். பெட்டி வரும்வரை நாற்பது நிமிஷம் எல்லோரும் நின்றோம். அட்டையைக் கைப்பையில் வையுங்கள்.

எந்தெபேயில் நின்ற மூன்று பெட்டிகளையும் அழிப்பதற்குக் கட்டணம் எங்கள் தலையில்தான் விழுந்தது. அந்த ரசீது என் பைபிளுக்குள் இருக்கிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் ஜவுளிக்கடைப் பை நிறைய மாத்திரை அட்டைகளோடு வந்தார். "அடுத்த வருஷத்துக்கு இப்பவே சேர்க்க ஆரம்பிச்சிட்டேன்மா" என்றார். உட்காரச் சொல்லி, ரசீதை எடுத்துக் கொடுத்தேன்.