ரோஸ்கில்டேவில் துடுப்புப் போட்ட கதை

2019 ஜூனில் வேலை விஷயமாக டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ஒரு வாரம் இருந்தேன். கிடைத்த ஒரே சனிக்கிழமையைப் பக்கத்து ஊரான ரோஸ்கில்டேவுக்கு என்று வைத்துக்கொண்டேன். ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே வைகிங்குகளின், அதாவது அந்தக் கால வடநாட்டுக் கடலோடிகளின், கப்பல் அருங்காட்சியகத்தில் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த 'ஏற்றிக்கொண்டு' என்பதைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

ரயில் நிலையத்திலிருந்து ஃபியோர்டுக் (நிலத்துக்குள் நீளமாகப் புகுந்த கடல்) கரைக்கு இருபது நிமிட நடை, ஒரே இறக்கம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நுழைவுச்சீட்டு வாங்கும்போதே படகுச் சீட்டையும் கேட்டுவிடுங்கள். அதற்குத் தனிக் காசு, இடமும் கொஞ்சம்தான். நான் பழைய கப்பல்களை வைத்திருக்கும் கூடத்தைப் பார்த்துவிட்டு நிதானமாக வந்து கேட்டேன். அடுத்த படகு நிறைந்துவிட்டிருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரி என்று மறுபடி கூடத்துக்குள்ளேயே போனேன். அங்கிருக்கும் ஐந்து கப்பல்களும் போரில் மூழ்கியவை அல்ல. 1070 வாக்கில் ஊர்க்காரர்களே கல்லை நிரப்பித் தாழ்த்தியவை. எதிரி வராதபடி நகரத்துக்கான நீர்வழியை அடைக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். 1962இல் அந்த இடத்தைச் சுற்றி அணை போட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு, ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெளியே எடுத்தார்கள். ஐந்தில் பெரியது சுமார் 30 மீட்டர் நீளப் போர்க்கப்பல். மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஒப்பிட்டுப் பார்த்து, அது 1042இல் டப்ளின் பக்கம் கட்டப்பட்டது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதன் நகலைச் செய்து 2007இல் டப்ளினுக்கே ஓட்டிப்போன ஆட்கள் இந்த அருங்காட்சியகத்தார்.

எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவு பெரியது இல்லை. பலகைகளை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, இரும்பு ஆணியால் இறுக்கிய திறந்த படகு. உள்ளே பைன் தாரின் புகை வாசனை. உயிர்காப்புச் சட்டையை மாட்டி உட்கார வைத்ததும், படகோட்டிப் பெண் ஆளுக்கொரு துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டார். துறைமுகத்தை விட்டு வெளியே போகும்வரை மோட்டாரும் நாங்கள்தான், எண்ணெயும் நாங்கள்தான்!

படகின் விளிம்பில் ஒரு மர முளை. துடுப்பை அதனோடு ஒரு கயிற்று வளையம் பிடித்திருந்தது. போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். கடலைப் பார்க்காதே, முன்னால் இருப்பவர் முதுகைப் பார் என்றார் அந்தப் பெண். நான் கடலைப் பார்த்தேன். என் துடுப்பு பின்னாலிருந்தவர் துடுப்பில் 'டக்'கென்று மோதியது. மூன்றாவது முறை மோதிய பிறகு மனிதர் சிரிப்பதையும் நிறுத்திவிட்டார். கையால் இழுக்கக் கூடாது, காலை ஊன்றி உடம்போடு சாய வேண்டும் என்பது பிடிபடுவதற்குள் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். அப்புறம் சதுரப் பாயை ஏற்றினோம். அது காற்றை வாங்கிய நொடியில் துடுப்புச் சத்தம் அத்தனையும் நின்று, படகின் அடியில் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது.

கரையேறி, மேட்டின் மேலிருக்கும் பேராலயத்துக்கு மூச்சு வாங்க நடந்தேன். ஹரால்டு நீலப்பல் என்ற பழைய டேனிய அரசர் மரக்கோயில் கட்டிய ஊர் இது. நம் கைபேசியில் இருக்கும் புளூடூத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவரேதான். இப்போது நிற்பது செங்கல் ஆலயம், டென்மார்க் அரசர்களின் கல்லறை. ஒரு தூணில் அரசர்களின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். முதலாம் கிறிஸ்தியானுக்கு 219.5 செ.மீ.; எலும்பை அளந்தபோது 188தான் வந்ததாம்.

அரசர் நான்காம் கிறிஸ்தியானின் சவப்பெட்டி முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து, தரங்கம்பாடியில் டேனியக் கோட்டை எழுந்தது இவர் காலத்தில்தான். பள்ளிச் சுற்றுலாவில் அந்தக் கோட்டைச் சுவரில் சாய்ந்து புளிசாதம் சாப்பிட்டிருக்கிறேன். 1706இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை அனுப்பிவைத்த அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கும் இதே ஆலயத்தில்தான் இருக்கிறார்.

மணி நான்கு அடித்தது. சுவர்க் கடிகாரத்தில் குதிரைவீரன் டிராகனைக் குத்த, அது காற்றுப்போன நாயனம் மாதிரி கத்தியது. குழந்தைகள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, கொப்புளம்.

திரும்பும் ரயிலில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடியே வந்தேன். அப்படியே இறங்கியும் விட்டேன். இறங்கும்போது பயண அட்டையை மறுபடி தட்ட வேண்டும் என்பது அறைக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.