சின்ன பேண்ட்சா பிளேடுக்கு 0.65 மி.மீ. கனமா, 0.5-ஆ?

லேத்துக்கு டூல் போஸ்ட் (வெட்டுளியைப் பிடிக்கும் தாங்கி) செய்கிற வேலை இரும்பு அறுப்பதில் வந்து நிற்கிறது. 75 மி.மீ. சதுர எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கட்டையில் துண்டு எடுக்க வேண்டும். பேண்ட்சா, அதாவது வளையமாக ஒட்டிய நாடாப் பிளேடை இரண்டு வீலில் ஓட்டி அறுக்கும் மெஷின், அதன் பிளேடு மறுபடியும் அறுந்துவிட்டது. பல்லெல்லாம் கூராகவே இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

அறுந்த பிளேடை வெயிலில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் அடியில் மயிரிழைக் கீறல். பக்கத்துப் பள்ளங்களிலும் அங்கங்கே அதே கீறல், இன்னும் முழுசாக ஓடவில்லை. ஒட்டுப் போட்ட இடம் நன்றாகவே இருந்தது. ஆக, பிளேடு வெட்டித் தேயவில்லை, வளைந்து வளைந்து களைத்திருக்கிறது.

என் மெஷின் வீல் 185 மி.மீ. விட்டம். பிளேடு நாலு நூல் (அரை அங்குலம்) அகலம், 0.65 மி.மீ. கனம், சுற்று நீளம் 1638 மி.மீ. நிமிஷத்துக்கு 36 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் பிளேடு 22 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வீலிலும் வளைந்து நிமிர்கிறது, வெட்டும் இடத்தில் பிளேடை நேராகப் பிடிக்கும் கைடு வேறு அதை முறுக்குகிறது. மணிக்கு 2600 தடவைக்கு மேல் வளைவு. கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான், மெதுவாக நடக்கிறது.

கணக்கு எளிது. எஃகின் மீள்மை எண் சுமார் 2,00,000 மெகாபாஸ்கல். அதைப் பிளேடின் கனத்தால் பெருக்கி வீல் விட்டத்தால் வகுத்தால் வளைவினால் வரும் தகைவு (ஸ்ட்ரெஸ்) மெகாபாஸ்கலில் கிடைக்கும். 0.65-க்குச் சுமார் 700, 0.5-க்கு 540. இதற்கு மேல் நாம் முறுக்கி ஏற்றும் டென்ஷன் தனி. பத்து அங்குல வீல் வைத்திருப்பவர்களுக்கு 0.65 போட்டாலும் 510தான் வரும், அவர்கள் மெல்லிசைத் தேடி அலைய வேண்டாம். கையில் பிடித்து அறுக்கிற பேண்ட்சாவில் வீல் இன்னும் சின்னது, அதற்குப் பெரும்பாலும் 0.5 பிளேடே வருவதும் இதனால்தான்.

கே.புதூர் பக்கம் அளவுக்கு வெட்டி ஒட்டித் தரும் கடையில் கேட்டேன். “மெல்லிசு எதுக்குண்ணே? கனமா இருந்தாத்தானே தாங்கும்” என்றார் தம்பி. இழுத்துப் பிடிக்கிற விஷயத்தில் அவர் சொல்வது சரி. வீலில் சுற்றும்போது கனம்தான் எதிரி. பைமெட்டலில் (பல்லுக்குக் கடின எஃகு, முதுகுக்கு வளையும் எஃகு) அங்குலத்துக்கு 10/14 பல், 0.5 கனம் என்று சொல்லி ஒட்டி வாங்கி வந்தேன்.

மெல்லிசுக்கும் விலை உண்டு. பக்கவாட்டு விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும், அதாவது 0.5 பிளேடுக்கு 0.65-ல் பாதி விறைப்புகூட இல்லை. எவ்வளவு தெரியும் என்று பார்க்க, கைடு பேரிங்கைத் தொடாமல் அப்படியே மாட்டி 75 கட்டையை அறுத்தேன். மூலைமட்டம் வைத்தால் அடியில் ஒரு மி.மீ.க்கு மேல் சாய்வு, வெளிச்சம் நன்றாகவே கசிந்தது. அப்புறம் பேரிங்கை நகர்த்தும் எக்சென்ட்ரிக் போல்ட்டைத் திருப்பி, பேரிங் பிளேடை லேசாகத் தொட்டு விரலால் சுற்றினால் சுற்றும் அளவுக்கு நெருக்கினேன். இரண்டு கைடு கையையும் கட்டைக்கு ஒட்டித் தள்ளினேன். பிளேடோடு இறங்கும் மேல் கையின் அழுத்தத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துக் கட்டி, எடையைக் குறைத்தேன். அடுத்த துண்டில் சாய்வு அரை மி.மீ.க்கும் கீழ். லேத்தில் சீவப்போகிற முகத்துக்கு இது போதும். அறுக்க நேரம் முன்னைவிடக் கூடத்தான் ஆகிறது, எனக்கு அவசரம் இல்லை.

டென்ஷன் குமிழில் கை கவனம் வேண்டும். குறுக்குவெட்டு கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக இளைத்திருப்பதால், பழைய இழுவிசை அப்படியே இருந்தால் தகைவு 30 சதவீதம் கூடிவிடும். அந்த அளவுக்குத் தளர்த்தியே வைத்திருக்கிறேன். பிளேடின் முதுகு வீலின் விளிம்பில் உராயாமல், ஒட்டினாற்போல் ஓட வேண்டும். உராய்ந்தால் எந்தக் கனமும் நிற்காது. வேலை முடிந்ததும் டென்ஷனை இறக்கிவிடுகிறேன்.

பதினாறு கேஜ் ஸ்கொயர் பைப்புக்கு இந்தப் பிளேடு ஆகாது, அது பல் விஷயம், கனத்தோடு போட்டுக் குழப்பக் கூடாது. வெட்டுக்குள் எப்போதும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பார்கள். 1.6 மி.மீ. சுவரில் அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடுகூட அதை எட்டாது. நுண்பல் பிளேடை மாட்டி, மேல் கையைக் கையாலேயே தாங்கி இறக்குவதுதான் வழி. கிரில் பட்டறைகளில் இதற்கெல்லாம் கட்டிங் வீல்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது மாட்டியிருக்கும் 0.5 பிளேடு, பழையது அறுந்த நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. லென்ஸில் பள்ளங்கள் இன்னும் சுத்தமாகத் தெரிகின்றன. டூல் போஸ்ட் கட்டை தயார். அடுத்து நாலு தாடைச் சக்கில் பிடித்து முகம் சீவ வேண்டும்.