பிரேக் இருப்பது மூச்சை விடுகிற பக்கம்

சாயங்காலம் ஆறரைக்கு மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நிற்பவர்களின் கையைப் பாருங்கள். வண்டி நின்றிருக்கும், ஹேண்டில்பாரைப் பிடித்த பிடி தளர்ந்திருக்காது. தோள் காதுவரை ஏறியிருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். மன அழுத்தம் என்று பேர் வைத்துவிட்டதால் அதை மனசுக்குள்ளேயே தேடுகிறோம். பல பேருக்கு அது முதலில் காட்டுவது உடம்பில்தான்.

பின்னால் லாரி ஹார்ன் அடித்தாலும் சரி, தவணை கேட்டு போன் வந்தாலும் சரி, உடம்பு எடுக்கும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றே. சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை விடும். நெஞ்சு படபடக்கும், வாய் உலரும். சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் ஏறி ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும். எல்லாம் ஓடுவதற்கோ மல்லுக்கட்டுவதற்கோதான். நாமோ நாற்காலியில் உட்கார்ந்தபடி "சரிங்க சார்" என்கிறோம்.

"நல்லா ஆழமா மூச்சை இழுங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். வினையே அதில்தான். பதற்றத்தில் இருப்பவர் பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுப்பார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். மாரடைப்போ என்று பயம் இரட்டிப்பாகும்.

மூச்சை விடும்போதுதான் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை இழுத்துப் பிடிக்கிறது. அதனால் மூக்கு வழியாக 4 எண்ணும்வரை சாதாரணமாக இழுத்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள். நிதானமாக எண்ணினால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் போதும். நெஞ்சு தூக்கக் கூடாது, வயிறு எழும்ப வேண்டும். நடுவில் அடக்கிப் பிடிக்க வேண்டாம். முடியவில்லையா, 3-க்கு இழுத்து 4-க்கு விடுங்கள். தலை லேசானால் மூச்சு பெரிதாகிவிட்டது என்று அர்த்தம், சின்னதாக்குங்கள். பதற்றம் உச்சியில் இருக்கும்போது முதல்தடவையாக முயன்றால் பெரும்பாலும் பலிக்காது. ஒரு வாரம் காலையில் சும்மா இருக்கும்போது பழகிவிட்டால் சிக்னலில் தானாக வரும்.

தூங்காநகரத்தில் டீயைக் குறை என்றால் யார் கேட்பார்கள்? ஆனாலும் காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. ஆறு மணி டீ பதினொரு மணிக்கும் உள்ளே வேலை பார்க்கும். மாலையில் பருத்திப்பாலுக்கு மாறிக்கொள்ளலாம், அதில் காஃபீன் கிடையாது.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதும் நல்லதுதான், காதில் போனை வைத்து ஆபீஸ் புகாரை அளக்காத வரைக்கும்.

ராத்திரி புரள்பவர்கள் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே கவலையைத் தாளில் எழுதுங்கள். 'கடன்' என்று மொட்டையாக எழுதினால் தூக்கம் வராது. 'வியாழன் 11 மணி, பேங்கில் தவணைத் தேதியை மாற்றக் கேட்க வேண்டும்' என்று எழுத வேண்டும்.

நெஞ்சுவலியோடு வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் மூச்சுப்பயிற்சி செய்து பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். தூக்கமின்மையோ எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரம் நீடித்தால் ராஜாஜி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. எந்நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.