கீழே அடித்த ஹீலியம், மேலே இருந்த ஓட்டை

எங்கள் ஆய்வக வெற்றிட சேம்பருக்குப் புது கிரையோ பம்புகள் (வாயுவைக் கடுங்குளிரில் பனியாக உறையவைத்துப் பிடிப்பவை) பொருத்தி முடிந்துவிட்டது. ஹால் திரஸ்டர் (செனான் வாயுவை மின்சாரத்தால் வேகமாக வெளியே தள்ளி விண்கலத்தை நகர்த்தும் எஞ்சின்) சோதனைக்காக இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் நாங்கள் பட்டதைப் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் விலைப்புள்ளி. விற்பனையாளர் கொடுத்த தாளில் பம்பின் வேகம் விநாடிக்கு 10,000 லிட்டர். அது நைட்ரஜனுக்கு. செனான் அணு கனமானது, மெதுவாக நகரும்; அதற்கு அந்த வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். எங்கள் திரஸ்டர் விநாடிக்கு 1 மில்லிகிராம் செனான் குடிக்கிறது. அப்போதும் சேம்பர் 10⁻⁵ டாரில் (டார் என்பது அழுத்த அலகு) நிற்க வேண்டுமென்றால் விநாடிக்கு ஏறக்குறைய 14,000 லிட்டர் இழுக்க வேண்டும். இரண்டு பம்ப் போதும் என்று ஆர்டர் போகவிருந்தது. கணக்கைத் திரும்பப் போட்டு மூன்றாக்கினோம். சேம்பரில் மிஞ்சும் செனானைத் திரஸ்டரே மறுபடி உள்ளிழுத்துக்கொள்ளும். தராசில் உந்துவிசை பொய்யாகக் கூடித் தெரியும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

சுங்கத்தில் 11 நாள் போனது. சலுகைச் சான்றிதழில் ‘வெற்றிட பம்ப்’, இன்வாய்ஸில் ‘கிரையோ பம்ப்’. இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும். சரக்கு முனையத்துக்கு நான் மூன்று முறை அலைந்தேன்.

அடுத்தது லீக். கிரையோவைப் போடாமல் டர்போவை (வேகமாகச் சுழலும் இறக்கைகளால் வாயுவை வெளியேற்றும் பம்ப்) மட்டும் ஓட்டினோம். இரண்டு நாள் ஆகியும் அழுத்தம் காட்டும் கேஜ் 4×10⁻⁶ டாரை விட்டு அசையவில்லை. உள்ளே ஹீலியம் நுழைந்தால் காட்டும் லீக் டிடெக்டரை மாட்டி, கீழ்ப்பக்கம் புதிதாகப் போட்ட மின் இணைப்பு ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு மூடும் வளைய மூடியில்) வெளியிலிருந்து ஹீலியம் அடித்தேன். முள் துள்ளியது. பிடித்துவிட்டோம் என்று பிரித்தோம், செம்பு கேஸ்கெட்டை மாற்றினோம், திரும்ப இழுத்தோம். அதே 4×10⁻⁶. மறுபடி அடித்தால் மறுபடி துள்ளல். இப்படியே நான்கு நாள், இரண்டு கேஸ்கெட்.

ஊரிலிருந்து திரும்பிய டெக்னீஷியன் அண்ணன் ஐந்து நிமிடம் பார்த்தார். “ஹீலியம் மேலதான் ஏறும் தம்பி. எப்பவும் மேலிருந்து ஆரம்பிங்க, கொஞ்சமா அடிங்க.” மேலிருந்து அடித்தோம். மேல் ஃபிளாஞ்சின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பள்ளத்தில் குறுக்காக ஒரு கீறல், நகம் வைத்தால்தான் தெரியும். நான் கீழே அடித்த ஹீலியம் மிதந்து மேலே போய் அந்த வழியாக நுழைந்திருக்கிறது. பள்ளத்தின் சுற்றுவாக்கிலேயே தேய்த்துக் கீறலை எடுத்து, புது ஓ-ரிங் போட்டோம். மறுநாள் காலை 10⁻⁷ வரிசை. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

கிரையோ மூன்றும் சிக்கலில்லாமல் குளிர்ந்தன. ஏப்ரல் வெயில்தான் அடித்தது. பம்புகளின் கம்ப்ரசருக்குக் கூலிங் டவர் தண்ணீரைக் கொடுத்திருந்தோம். மதியம் 2 மணிக்கு அது 34 டிகிரி. ஒரு கம்ப்ரசர் சூடேறி நின்றது. பம்ப் வெப்பமாக ஆக, உள்ளே பனியாய்ப் பிடித்திருந்த செனான் முழுவதும் வாயுவாகி சேம்பருக்குள் திரும்பியது. செனான் விற்கிற விலைக்கு அது பெரிய இழப்பு. திரஸ்டரில் எலக்ட்ரான் உமிழும் கேத்தோடை அப்போது சூடேற்றவில்லை, அதனால் அது தப்பியது. இப்போது தனிச் சில்லர் வைத்தாயிற்று. கம்ப்ரசர் நின்றால் பம்புக்கும் சேம்பருக்கும் நடுவிலுள்ள கேட் வால்வு தானாக மூடி, கேத்தோடு ஹீட்டரும் அணையும்படி இன்டர்லாக் போட்டிருக்கிறோம். இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

போன வாரம் விநாடிக்கு 1 மில்லிகிராம் செனானை ஓடவிட்டபோது கேஜ் 4×10⁻⁵ காட்டியது. புதிதாகச் சேர்ந்த மாணவி முகம் வாடிவிட்டது. கேஜ் நைட்ரஜனுக்கு அளவிட்டது, செனானுக்கு 2.87-ஆல் வகுக்கணும்மா என்றேன். அவளே வகுத்துப் பார்த்தாள்: 1.4×10⁻⁵. நோட்டில் எழுதிவிட்டு கேத்தோடைச் சூடேற்ற ஆரம்பித்தோம்.