நங்கநல்லூரில் தூங்கும் குழந்தைகள்

நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கியபோது எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று அம்மா சொன்னது. எங்கள் வீட்டுக் கொலுவில் முப்பது வருடமாக இருந்த தவழும் கிருஷ்ணனின் கை, போன வருடம் பரணிலிருந்து இறக்கும்போது முறிந்துவிட்டது. அதே அளவில் ஒன்று கொசப்பேட்டையில் பார்த்து வாங்கி வர வேண்டும். இன்னொன்று நானாக வைத்துக்கொண்டது. நங்கநல்லூரில் சித்தி மகள் குடியிருக்கும் தெருவில் ஓர் அக்கா பச்சைக் குழந்தை பொம்மை செய்கிறார் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பொம்மைன்னு தெரிஞ்சும், கால் பட்டுடக் கூடாதுன்னு சுத்திப் போனேன்டி" என்று அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காகவே பயணத்தை ஒரு நாள் நீட்டினேன்.

எழும்பூரில் பச்சை வழித்தட மெட்ரோ ஏறி ஆலந்தூரில் நீல வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே நங்கநல்லூர் ரோடு. அங்கிருந்து ஆட்டோ. போகிற வழியில் ஆஞ்சநேயர் கோயிலில் இறங்கிக் கும்பிட்டேன். ஒரே கல்லில் 32 அடி. அண்ணாந்து பார்த்த கழுத்து வலி தீருவதற்குள், இருபது அங்குலக் குழந்தை ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூடத்தில், பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்ட பாயில் அது படுத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் நான் குரலைத் தாழ்த்திவிட்டேன். யாரும் சொல்லவில்லை, தானாக வந்தது. "தூக்கிப் பாருங்க" என்றார் அக்கா. ஒரு கையை முதுகுக்குக் கொடுத்ததும் மற்றொரு கை தானே போய்க் கழுத்துக்கு அடியில் நின்றது. தலை நிற்காத குழந்தையைத் தூக்கிய கை அதை மறப்பதில்லை. என் மகளுக்குப் பதினாறு வயது ஆகிறது.

"எல்லாரும் அப்படித்தான் தூக்குவாங்க" என்று சிரித்தார். உடம்பு துணிப்பை, உள்ளே பஞ்சும் பொடிக் கண்ணாடி மணிகளும். எந்த இடத்தில் எவ்வளவு மணி போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். பின்பக்கத்தில் அதிகம், தலையில் கொஞ்சம், உள்ளங்கால் பக்கம் கொஞ்சம். மொத்தம் இரண்டே முக்கால் கிலோ.

இந்தப் பொம்மைகளை ரீபார்ன் என்கிறார்கள். தொழிற்சாலையில் வினைல் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக்கில் செய்த பொம்மையின் சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, நிஜக் குழந்தையின் தோல் போல மறுபடி வண்ணம் தீட்டும் பழக்கம் 1990-களில் அமெரிக்காவில் பரவியது. பிறகு இதற்கென்றே சிற்பிகள் வந்தார்கள். அவர்கள் தலை, கை, கால்களை வடித்துக் கொடுக்க, அவை வண்ணமில்லாத வினைல் உறுப்புகளாக, 'கிட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. அக்காவும் முதலில் வெளிநாட்டுக் கிட் வாங்கி வண்ணம் பூசக் கற்றவர்தான். இன்றும் வருமானம் அதில்தான். ஆனால் ஆசை எல்லாம் சொந்தமாக வடிப்பதில்.

வடிக்கும் மேசை சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி உள்கூடு. அதன் மேல் பாலிமர் களிமண். அடுப்பில் வைக்கும்வரை காயாத மண் இது, அதனால் மாதக்கணக்கில் ஒரே முகத்தோடு உட்காரலாம். சென்னை வெயிலில் மட்டும் சிக்கல்: சித்திரை, வைகாசியில் மண் குழைந்துவிடும், செய்த மூக்கு விரல் பட்டாலே நசுங்கும் என்கிறார். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு முழுக்க மண்ணுக்கு. பக்கத்துத் தட்டில் இட்லி மாவு.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. குரோஷா ஊசி, பல் மருத்துவர் வைத்திருக்கும் கொக்கி போல ஒன்று, தோல் துளைகளுக்கு ஒற்றி எடுக்க ஒரு பழைய டூத் பிரஷ். அளவுதான் முக்கியம். பெரியவர்களுக்குத் தலை உடம்பில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு. கண் முகத்தின் பாதிக்கும் கீழே இருக்கும். இதை விட்டுவிட்டால் எவ்வளவு நுணுக்கம் செய்தாலும் குள்ளமான பெரியவர் மாதிரி ஆகிவிடுமாம்.

அப்புறம் கையிலிருந்த குழந்தையைக் கிட்டத்தில் காட்டினார். இடது காது மடல் லேசாக மடங்கியிருந்தது, வயிற்றில் அந்தப் பக்கம் அழுந்திக் கிடந்த மாதிரி. மூக்கு நுனியில் கடுகைவிடப் பொடியான வெள்ளைப் புள்ளிகள். மேலுதட்டின் நடுவில், பால் குடித்துக் குடித்து வரும் சின்னக் காய்ப்பு. குதிகாலில் தோல் உரிந்து சுருண்டிருந்தது. தோளில் பூனை முடி. நான் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "அழகா செஞ்சா பொம்மை ஆயிடும்மா" என்றார். தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது நாற்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவற்றை வைத்துத்தான் இதைச் செய்தாராம்.

நிறத்தைப் பற்றிக் கேட்டதும்தான் அவர் குரல் உயர்ந்தது. அவர் கற்றுக்கொண்ட பாடங்கள் எல்லாம் வெளுத்த தோலுக்கானவை. பழுப்பு என்றால் மொத்தமாகப் பழுப்பைப் பூசிவிடுவார்கள். "நம்ம குழந்தை பிறந்தவுடனே அப்படியா இருக்கு?" என்று கேட்டார். உண்மைதானே. பிரசவ வார்டில் பாட்டிமார்கள் முதலில் காது மடலையும் நகக்கண்ணையும் பார்த்து, "மாநிறமா வரும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோமே! முகம் சிவந்து வெளுப்பாக இருக்கும், காது ஓரத்தில் வரப்போகும் நிறம் முன்னாலேயே வந்து நிற்கும். அக்கா அதைத் தீட்டியிருக்கிறார். திருப்பிக் காட்டினார்: நம் குழந்தைகளுக்கு இடுப்புக்குக் கீழே இருக்குமே, வருடங்களில் மறைந்துபோகும் அந்த நீலத் திட்டு, அதுவும் இருந்தது. உடை போட்டால் யார் கண்ணிலும் படாத இடம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வினைலுக்கு வண்ணம் பூசுவது ஒரு கை, ஒரு நாள் வேலையில்லை. சூட்டில் மட்டுமே இறுகும் வண்ணம். தண்ணீராக நீர்க்கக் கரைத்து, கடற்பஞ்சால் ஒற்றி, 130 டிகிரியில் எட்டு நிமிடம் வைத்து எடுத்து, ஆறவிட்டு, அடுத்த பூச்சு. நீல நரம்பு ஒரு பூச்சு, சிவப்புத் திட்டு ஒரு பூச்சு, மஞ்சள் ஒரு பூச்சு. இருபது தாண்டிப் போகும். இதற்கென்றே தனி ஓவன், அதில் சாப்பாட்டுப் பொருள் எதையும் வைப்பதில்லை. கடைசியில் முடி: அங்கோரா ஆட்டின் மொஹேர் இழையைச் செதில் வெட்டிய ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி நடவேண்டும், சுழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து. என் எதிரில் பத்து நிமிடம் நட்டார். ஒரு கட்டை விரல் அகலம்கூட நிரம்பவில்லை.

சிற்பியின் மண் உருவம் பல பிரதிகளாக வினைலில் வரவேண்டுமானால் வழி நீளம். மண்ணிலிருந்து மெழுகு நகல் எடுத்து, அதை மெருகேற்றி, மின்பூச்சு முறையில் அதன் மேல் செம்பைப் படியவைத்து அச்சு செய்வார்கள். அச்சில் திரவ வினைலை ஊற்றிச் சூட்டில் சுழற்றினால் உட்சுவரில் ஒரே கனத்தில் படியும். ஆறும்போது சுருங்கும் என்பதால் முதலிலேயே கொஞ்சம் பெரிதாக வடிக்க வேண்டும். இதைக் கேட்டபோது எழும்பூர் அருங்காட்சியகத்துச் சோழர் செப்புத் திருமேனிகள் ஞாபகம் வந்தன. அங்கே மெழுகு உருகிப் போன இடத்தில் உலோகம் வந்து நிற்கிறது. இரண்டிலும் அச்சுக்குப் போகும்முன் சிற்பியின் விரல் கடைசியாகத் தொடுவது மெழுகைத்தான்.

பேச்சு பழைய ஆட்களிடம் போனது. அக்காவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய பொம்மையின் படம் இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்பி கிரேஸ் ஸ்டோரி பட்னம், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மருத்துவமனையில் பிறந்து மூன்று நாளான குழந்தையைப் பார்த்து வடித்தது. பை-லோ பேபி என்று பெயர். சதை மடிந்த கழுத்து, இடுங்கிய கண். விற்ற வேகத்தைப் பார்த்து மில்லியன் டாலர் பேபி என்றே அழைத்தார்கள். அதே காலத்தில், 1925 வாக்கில், ஜெர்மனியில் கேத்தே குரூஸ் என்ற பொம்மைக் கலைஞர் மணல் நிரப்பிய ஒரு தூங்கும் குழந்தையைச் செய்தார். ட்ராய்மர்ஷன், அதாவது குட்டிக் கனவுக்காரன். நிஜக் குழந்தை மாதிரியே கனக்கும், தலை தொங்கும். தாயாகப் போகிற பெண்களுக்குக் குழந்தையைத் தூக்கப் பழக்குவதற்கும் பயன்பட்டது. இன்று உலகமெங்கும் விற்கும் ஃபிமோ என்ற பாலிமர் களிமண், கேத்தேயின் மகள் பயன்படுத்திய மண்ணிலிருந்து வந்தது. எடையால் பொம்மைக்கு உயிர் வரும் என்று அம்மா காட்டினார், மகள் வழியாக மண் வந்தது. அக்கா இதைச் சொந்தக் குடும்பக் கதை போலச் சொன்னார்.

மதியம் மோர்க்குழம்பும் கோவைக்காய்ப் பொரியலும். அக்காவின் மாமியார் பரிமாறினார். அவருக்கு இந்தத் தொழிலில் ஒரே ஒரு கட்டளை: விளக்கு வைத்த பிறகு தனித் தலை, தனிக் கை எதுவும் மேசையில் திறந்து கிடக்கக் கூடாது. துண்டு போட்டு மூடிவிட வேண்டும். அக்கா ஒரு நாளும் மீறியதில்லை.

யார் வாங்குகிறார்கள்? சேகரிப்பவர்கள் அதிகம். படப்பிடிப்புக்கு வாடகைக்குக் கேட்பார்கள். பிறந்த குழந்தையை லைட் சூட்டில் மணிக்கணக்கில் கிடத்துவதற்கு இது எவ்வளவோ மேல். குழந்தையை இழந்த ஒரு பெண் கேட்டு வந்ததைப் பற்றி மேலே பேச அக்கா விரும்பவில்லை, நானும் விட்டுவிட்டேன். ஞாபக மறதி நோய் வந்த முதியவர்களிடம் இத்தகைய பொம்மைகளைக் கொடுப்பது பல நாடுகளில் நடக்கிறது. அமைதி தருகிறது என்கிறார்கள் சிலர், பெரியவர்களை ஏமாற்றலாமா என்கிறார்கள் சிலர். இதே தெருவில் ஒரு பாட்டி மடியில் அக்கா ஒன்றை வைத்தாராம். பாட்டி உடனே முழங்காலை ஆட்டித் தட்ட ஆரம்பித்தார், ஒரு மணி நேரம் யாரையும் திட்டவில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்குப் போதும்.

பயமாக இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. அசையாத குழந்தை என்றால் நம் மனம் எங்கே போகும் என்று தெரிந்ததுதானே. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி இதைச் சிற்பம் இல்லை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாம் ஏன் தூங்குகின்றன என்று கேட்டேன். "கண்ணைத் தொறந்தா அது நம்மளத் திருப்பிப் பார்க்கணும். கண்ணாடிக் கண்ணு பார்க்காதே" என்றார்.

மறுநாள் காலை கொசப்பேட்டை. புரசைவாக்கத்தை ஒட்டிய குயவர் தெருக்கள். நவராத்திரிக்கு இன்னும் மூன்று வாரம். வாசலெல்லாம் வெள்ளைப் பூச்சு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து வரிசையாகக் கண் எழுதிக்கொண்டிருந்தார். உடம்பு, நகை, வேட்டிக் கரை எல்லாவற்றையும் வீட்டில் மற்றவர்கள் பூசலாம், கண் மட்டும் அவர் கை. கடைசியில்தான் எழுதுவார். அம்மா சொன்ன அளவில் கிருஷ்ணன் கிடைத்தார், கொழுகொழுவென்று, ஒரு மடிப்பு கூடத் தப்பில்லாமல்.

காசு கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் போனை எடுத்து நங்கநல்லூர்ப் படத்தைக் காட்டினேன்.

"யாரு வூட்டுக் கொயந்தைமா?"

"பொம்மை தாத்தா."

தூரிகையைக் கீழே வைத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். முகத்தை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மூடிய கையில் கொண்டுபோய் நிறுத்தினார். கட்டை விரல் மற்ற நாலு விரலுக்கும் உள்ளே மடங்கியிருந்தது. முந்தின நாள் முழுக்கப் பார்த்தும் நான் அதைக் கவனிக்கவில்லை.

"பொம்மையப் பார்த்துப் பொம்மை பண்ணல இந்தப் பொண்ணு" என்றார். "புள்ளையப் பார்த்துக்கீது." திரையில் பட்ட வெள்ளைப் பூச்சை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, போனைத் திருப்பித் தராமல் கேட்டார்: "காலு கீதா? காலக் காட்டு."