கிளைச்சபை ஞாயிறுகளும் நம் அம்மாவும்

இங்கிலாந்திலிருந்து வந்து நம் விடுதியை நடத்திய மிஷனரி அம்மா தம் நாட்டில் காலமானார் என்ற செய்தி வந்த நாள் முதல், விடுதியில் ஒன்றாய் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அழைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறோம். அவர் கணவரும் குருப்பட்டம் பெற்றவருமான ஐயா முன்னரே போய்விட்டார். அவருடைய இசை வகுப்பைப் பற்றியும் இராப்படிப்பைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். பாட்டுக்குழுவில் இருந்த சிலருக்கு மட்டுமே தெரிந்த கிளைச்சபை ஞாயிறுகளை நான் எழுதுகிறேன்.

தென்னிந்தியத் திருச்சபையின் கன்னியாகுமரி திருமண்டலம் 1959-இல் தனியாகப் பிரிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சிற்றூர்களின் கிளைச்சபைகளில் வாரந்தோறும், குருப்பட்டம் பெறாத ஊழியரான உபதேசியார் ஆராதனை நடத்துவார். ஆனால் திருவிருந்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் குருப்பட்டம் பெற்றவர் வர வேண்டும். பல கிளைச்சபைகள் சேர்ந்த சேகரத்தின் போதகர் ஒருவரால் அத்தனை ஊர்களுக்கும் போய்வர இயலாததால், மாதத்தில் ஒரு ஞாயிறு ஐயாவும் அம்மாவும் குலசேகரம் பக்கத்து ஊர்களுக்குப் புறப்படுவார்கள். பாட்டுக்கென்று எங்களில் ஐந்தாறு பேரை ஜீப்பின் பின்புறம் ஏற்றிக்கொள்வார்கள். ஐயாவின் மடியில் திருவிருந்துப் பெட்டி இருக்கும். அம்மாவின் காலடியில் சிரங்கு மருந்தும் நூல்கண்டுகளும் நிறைந்த துணிப்பை இருக்கும்.

பாதை முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ரப்பர் தோட்டத்தின் வழியாகவும் வயல் வரப்பின் வழியாகவும் நடப்போம். காலையில் ஒரு சபை, உச்சிக்கு முன் ஒரு சபை, பொழுது சாயும் வேளையில் மற்றொன்று. ஐயா உள்ளே ஞானஸ்நானம் கொடுத்து, பதிவேட்டில் பெயர் எழுதி, வேலித் தகராறுகளுக்கும் தீர்வு சொல்வார். ஆயினும் அந்த நாளின் பெரும்பகுதி வேலை வெளியே பலாமரத்தடியில்தான் நடந்தது என்பது என் எண்ணம். அம்மா பாயில் உட்கார்ந்து, வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, பிள்ளைகளின் நோயையும் படிப்பையும் விசாரித்து, அவர்கள் முடித்துக் கொண்டுவந்த ரேந்தையை, அதாவது லேஸ் பின்னலை, வாங்கிக்கொண்டு முந்தின மாதத்துக் கூலியைக் கொடுப்பார்.

ரேந்தை நம் மாவட்டத்துப் பெண்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1819-இன் இறுதியில் கணவரோடு நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் ரேந்தைப் பின்னலும் தொடங்கினார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. என் தாய்க்கு அந்த வரலாறு தெரியாது. உருளைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கோல்களை இரு கைகளாலும் மாற்றி மாற்றிப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் அவர் பின்னிய ரேந்தைதான் என் விடுதிக் கட்டணம்.

எட்டாம் வகுப்பில் இருந்தபோது அந்தப் பயணம் என் சொந்த ஊருக்கு வந்தது. ஆராதனை முடிந்ததும், வழக்கப்படி, சபைச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை உபதேசியார் வாசித்தார். என் தாயின் பெயர் முதலில் வந்தது. பாட்டுக்குழுத் தோழர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் என் தாய் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். எழுந்து ஓடிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது அம்மா எழுந்தார். ஆராதனையில் அவர் குறுக்கிட்டு நான் பார்த்ததில்லை. "இவர் ரேந்தையைக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. கூலி எங்களிடம்தான் நிற்கிறது. பாக்கிக்காரி நான், என் பெயரை வாசியுங்கள்" என்று தம் புத்தகத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஐயா உபதேசியாரின் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இனி எந்தச் சபையிலும் பெயர் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மரத்தடிக்குக்கூடக் காத்திராமல் அம்மா அங்கேயே கூலியை எண்ணிக் கொடுத்தார். "அம்மா சும்மா போவப்பிடாது, ஒரு வாய் கிழங்கு தின்னிட்டுத்தான் போணும்" என்றார் என் தாய். அம்மா எங்கள் வீட்டுச் சாணித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மரச்சீனிக் கிழங்கையும் சாளைக் கறியையும் கையால் பிசைந்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். வாசிக்கப்பட்ட மற்றப் பெயர்களை அவர் மறக்கவில்லை. திரும்பும் வழியில் அந்த வீடுகளிலும் ஏறி இறங்கினோம்.

அன்று எனக்கு மீண்டுகிடைத்தது என் தாயின் முகம். அந்த நன்றியை நான் அம்மாவுக்குக் கடிதங்களில் எழுதியிருக்கிறேன். நேரிலும் சொல்லியிருக்கிறேன், ஏனெனில் வேலை தேடி நான் வந்து சேர்ந்ததும் அவருடைய நாட்டுக்குத்தான். ஓய்வு பெற்று முதுமையில் சிறு வீடொன்றில் இருந்த அவர், நான் போகும்போதெல்லாம் ஊர்ப்பெண்களின் பெயரைச் சொல்லி ஒவ்வொருவரையும் விசாரிப்பார். பாதிப் பேரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. தம் இளமையை அவர் என் ஊருக்குக் கொடுத்தார்; என் இளமையை நான் அவர் நாட்டில் செலவழித்தேன். என் தாயின் கடைசி ஆண்டுகளில் அவருக்குத் துணையிருந்தவர்களும் அந்த மரத்தடிப் பெண்கள்தான்.

அந்தக் கிளைச்சபை இன்று தனிச் சேகரமாக வளர்ந்திருக்கிறது. புதுக் கோயிலுக்கு நானும் பணம் அனுப்பினேன். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் பாட்டுப் பழக்கவும் ஓர் ஆள் வேண்டும், ஓய்வு பெற்றபின் வந்து இருக்க முடியுமா என்று அங்குள்ள போதகர் கேட்டு எழுதினார். பேரப்பிள்ளைகள் இங்கே, மருத்துவம் இங்கே என்று பதில் எழுதினேன். வேறு யாரேனும் போக முடிந்தால் நம் விடுதிப் பழைய மாணவர் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்; வழிச்செலவை நான் ஏற்கிறேன்.