‘பொண்ணு கலரே மாறிடுச்சு’ என்று சொன்னால் படத்தில் எங்கே பார்ப்பது?

கல்யாண ஸ்டூடியோவில் புதிதாகச் சேர்ந்தவர், தானே எடுத்துத் தானே எடிட் செய்த முதல் படத்தைக் காட்டும்போது வரும் கருத்துகள் நாலைந்து வார்த்தையில் முடிந்துவிடும். “பொண்ணு கலரே மாறிடுச்சு.” “மெழுகு பொம்மை மாதிரி இருக்கு.” “புடவை மடிப்பே தெரியல.” “என்னமோ கண்ணை உறுத்துது.” சொல்பவர் பெண்ணின் அம்மாவாக இருக்கலாம், ஆல்பம் டிசைன் செய்பவராக இருக்கலாம். அவர்களுக்கு எடிட்டிங் மென்பொருளில் நகர்த்தி அளவை மாற்றும் ஸ்லைடர்களின் பெயர் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் உணர்ந்த குறை அநேகமாக உண்மையாகவே படத்தில் இருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டு, படத்தில் எந்த இடம், எந்தச் சேனல் (படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது), எந்தக் கட்டத்தில் செய்த வேலை என்று தேடிப் பிடிக்கத் தெரியவேண்டும். எடிட்டிங் மேசையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேலை அதுதான்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். தாலி கட்டி முடிந்த கையோடு மணமேடையில் எடுத்தது. குங்குமச் சிவப்பில் கூரைப்பட்டு, அகலமான சரிகைக் கரை, கழுத்தில் புது மஞ்சள் கயிறு, முகத்தில் காலையில் பூசிய மஞ்சளின் மிச்சம். முன்னால் வீடியோக்காரரின் எல்இடி லைட், பின்னால் டெக்கரேஷனின் மஞ்சள் பல்புகள், இடது பக்கம் ஊதா நிறத்தில் ஒரு பார் லைட் (மேடை விளக்கு). புதியவர் இதில் ஒரு பிரீசெட் (முன்பே வைத்த எண்களின் தொகுப்பு) போட்டு, சாச்சுரேஷனை (நிற அடர்த்தி) 25 ஏற்றி, கிளாரிட்டியை (விளிம்புகளைத் தூக்கிக் காட்டுவது) 40 ஏற்றி, நிறங்களைத் தனித்தனியே மாற்றும் எச்எஸ்எல்லில் மஞ்சளின் அடர்த்தியை 50 குறைத்து, முகத்துக்கு ஸ்மூத் கொடுத்து, ஓரங்களைக் கருக்கியிருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே தினமும் நடக்கிற வேலைகள். சேர்ந்ததும் மேலே சொன்ன நாலு பேச்சும் வந்துவிட்டன.

அனுபவமுள்ளவர் முதலில் கேட்பது எடிட் செய்யாத படத்தைத்தான். “தம்பி, ஒரிஜினலைத் திற” என்பார். லைட்ரூம் மென்பொருளில் பின்சாய்வுக்கோட்டு (\) விசையை ஒரு தட்டு தட்டினால் முன், பின் இரண்டும் மாறி மாறித் தெரியும். அரை மணி நேரம் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண், அந்த மஞ்சளையே வெள்ளை என்று ஏற்றுக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வந்தவர் கண்ணில் அந்தப் பழக்கம் ஏறியிருக்காது. அவர் சொன்னதும் “மண்டப லைட்டே அப்படித்தான்” என்று பதில் சொல்ல வாய் வரும். அதற்கு முன் ஒரு முறை எழுந்துபோய், பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அவர் சொன்னது தானாகத் தெரிந்துவிடும்.

‘கலர் மாறிடுச்சு’ என்பதற்கு முதல் காரணம் ஒயிட் பேலன்ஸ், அதாவது விழும் வெளிச்சத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் அமைப்பு. மண்டபத்துப் பல்பு சுமார் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). வீடியோ எல்இடி 5500ஐ ஒட்டி இருக்கும். ஒரே முகத்தில் இரண்டும் விழும்போது எந்த ஒரு எண்ணும் முழுப் படத்துக்கும் சரியாகாது. இங்கேதான் புதியவர்கள் வழக்கமான ஒரு தவறைச் செய்கிறார்கள்: ஐட்ராப்பரை (கிளிக் செய்த இடத்தை நிறமற்றதாக எடுத்துக்கொள்ளும் கருவி) எடுத்து மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கிளிக் செய்வது. பட்டு வேட்டி வெள்ளை இல்லை, சந்தன நிறம் கலந்தது. மென்பொருள் அந்த இளமஞ்சளை வெள்ளையாக்கப் பார்த்து, முழுப் படத்தையும் நீலத்துக்குத் தள்ளிவிடும். மல்லிகைச் சரமும் அப்படியே. அதில் பச்சையும் மஞ்சளும் ஒளிந்திருக்கின்றன. நம்பத்தக்க வழி, லைட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாம்பல் அட்டையை முகத்தின் இடத்தில் பிடிக்கச் சொல்லி ஒரு ஃபிரேம் எடுத்துவைப்பது. பத்து விநாடி வேலை. ரா ஃபைலாக (கேமரா பதிவுசெய்த மூலத் தரவு) இருந்தால் அந்த அட்டையில் கிடைத்த ஒயிட் பேலன்ஸ் எண்ணைப் பின்னால் எல்லாப் படத்துக்கும் நஷ்டமில்லாமல் போட்டுக்கொள்ளலாம். ஜேபெக்கில் நிறம் ஏற்கெனவே உறைந்துபோயிருக்கும். ஒரு சேனலுக்கு 256 படிகளே உள்ள ஃபைலை இழுத்தால் முகத்தில் திட்டுத் திட்டாகப் படி தெரியும். 14 பிட் ராவில் 16,384 படிகள் உண்டு என்பதால்தான் இழுவையைத் தாங்குகிறது.

ஒயிட் பேலன்ஸை முன் லைட்டுக்கு வைத்துக்கொண்டு, பின்புறத்துக்கும் ஊதா விழுந்த கன்னத்துக்கும் தனித்தனி மாஸ்க் (அந்த இடத்தை மட்டும் திருத்த உதவும் தேர்வு) போட வேண்டும். ஊதாவில் நீலச் சேனல் உச்ச எண்ணான 255இல் முட்டிப்போயிருந்தால் மாஸ்க்கிலும் முழுதாகத் திரும்பாது. சாச்சுரேஷனைக் குறைத்துப் பார்த்து, அப்போதும் சாம்பல் திட்டாகவே நின்றால் கருப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவது நல்லது. அப்படி எடுத்த முடிவைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்லிவிடவும் வேண்டும்.

தோல் நிறத்தைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் எண்ணாலும் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பின் இன்ஃபோ பேனலைத் திறந்து, வெளிச்சம் சீராக விழுந்த கன்னத்தில் கர்சரை வைக்கவும். மாநிறமோ கருப்போ சிவப்போ, சாதாரண வெளிச்சத்தில் மனிதத் தோலில் சிவப்பு எண் பெரிதாகவும் பச்சை நடுவிலும் நீலம் சிறிதாகவும் இருக்கும். உதாரணத்துக்கு 190, 140, 110 என்றால் இயல்பு. அதே கன்னம் 215, 135, 50 என்று காட்டினால் நீலம் செத்துப்போயிருக்கிறது. பெண் ஆரஞ்சாகத் தெரிவது அதனால்தான். பச்சை எண் சிவப்பை நெருங்கினால் மலிவான எல்இடியின் பச்சை ஏறியிருக்கிறது. டின்ட் ஸ்லைடரை (பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே நகர்வது) மெஜந்தா பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் அடங்கும்.

‘கலர் மாறிடுச்சு’ என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்: வெளுக்க வைப்பது. கேட்காமலே முகத்தை இரண்டு படி வெளுப்பாக்குவது பல இடங்களில் பழக்கமாகவே ஆகியிருக்கிறது. முகம் மட்டும் வெளுத்து, கழுத்தும் கையும் இயல்பு நிறத்தில் நின்றுவிடும். மருதாணி போட்ட கையை மாப்பிள்ளை பிடித்திருக்கும் படத்தில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கருப்பான முகத்துக்கு வேண்டியது நல்ல வெளிச்சமும் சரியான எக்ஸ்போஷரும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ஒளி நிற்க வேண்டும், கண்ணுக்குக் கீழ் நிழல் கொஞ்சம் திறக்க வேண்டும். நிறத்தை மாற்றுவது அந்தப் பெண்ணை மாற்றுவது. அம்மா ‘பொண்ணு கலரே மாறிடுச்சு’ என்று வருத்தப்பட்டுச் சொல்லும்போது அதில் நூறு சதவீத நியாயம் இருக்கிறது.

அடுத்தது எச்எஸ்எல்லில் மஞ்சளைக் குறைத்தது. முகத்தின் மஞ்சளைப் போக்கத்தான் செய்தார். ஆனால் அந்த ஸ்லைடருக்கு முகம் எது, கயிறு எது என்று தெரியாது. படத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கிக் கழுத்தருகே பாருங்கள்: புது மஞ்சள் கயிறு, மாசக்கணக்கில் போட்டுப் பழசான நூல் போல வெளிறியிருக்கும். தோளில் விழுந்த அட்சதை வெறும் அரிசியாகியிருக்கும். சரிகை தங்கமாக இல்லாமல் வெள்ளிச் சாம்பலாக இருக்கும். பின்னாலிருக்கும் வாழைமரத்தின் பச்சையும் மாறியிருக்கும், ஏனென்றால் இலைப்பச்சையில் பாதி மஞ்சள்தான். தாலி கட்டிய படத்தில் மஞ்சள் கயிறு மஞ்சளாக இல்லையென்றால் மீதி எது சரியாக இருந்தும் பயனில்லை. முகத்துக்கு மட்டும் மாஸ்க் எடுத்து, அதற்குள் டெம்பரேச்சரை (மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே நகரும் ஸ்லைடர்) கொஞ்சம் குறைத்தாலே போதும். பூசிய மஞ்சள் அன்றைய சடங்கின் அடையாளம். அதை முழுதாகத் துடைக்கவும் கூடாது.

‘புடவை மடிப்பே தெரியல’ என்ற பேச்சு பலருக்குப் புதிராக இருக்கும், ஏனென்றால் மொத்த வெளிச்சத்தை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்தால் வலது ஓரம் காலியாகவே தெரியும். சிவப்புச் சேனலைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டுச் சிவப்பு ஏற்கெனவே அடர்த்தி. அதன் மேல் மஞ்சள் பல்பு. அதன் மேல் சாச்சுரேஷன் 25. சிவப்பு 255இல் முட்டி, பச்சையும் நீலமும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். மடிப்பைக் காட்டுவது ஒரு இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் இடையே உள்ள எண் வித்தியாசம். எல்லா இடத்திலும் 255, 0, 0 என்று வந்துவிட்டால் புடவை வெட்டி ஒட்டிய சிவப்புத் தாளாகிவிடும். லைட்ரூமில் ஜே விசையை அழுத்தினால் முட்டிய இடங்கள் தனி நிறத்தில் தெரியும். மருந்து: சாச்சுரேஷனை 0க்குக் கொண்டுவந்து, தேவையானால் வைப்ரன்ஸ் 8 அல்லது 10 மட்டும் கொடுப்பது, வைப்ரன்ஸ் ஏற்கெனவே அடர்த்தியான நிறத்தை அதிகம் தொடாது. பிறகு எச்எஸ்எல்லில் சிவப்பு சாச்சுரேஷனை 10 முதல் 15 வரை இறக்கி, லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சம்) கொஞ்சம் இறக்குவது. மடிப்பு மடிப்பாகப் பட்டு எழுந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த ஒரு மாற்றத்தை முன், பின் வைத்துக் காட்டினால் புதியவருக்கு வேறு பாடமே தேவைப்படாது.

‘மெழுகு பொம்மை’ என்பது ஸ்மூத் வேலை. முகம் முழுக்க மங்கலை ஏற்றினால் தோலின் நுண்துளை போகும். கூடவே புருவ ஓரத்து முடி, நெற்றிச்சுட்டியின் கல், மூக்குத்தி ஒளி எல்லாம் கரைந்துவிடும். முதலில் ஹீலிங் பிரஷ்ஷால் பருவையும் புதுத் தழும்பையும் மட்டும் எடுக்கலாம். தொழிலில் ஒரு கணக்கு உண்டு: இரண்டு வாரத்தில் தானாகப் போகிற எதையும் எடுக்கலாம், மச்சம், கன்னக்குழி, சின்ன வயதுத் தழும்பு ஆகியவற்றை அவர்களே கேட்காமல் தொடக்கூடாது. அதன் பிறகும் ஸ்மூத் வேண்டுமென்றால் தனி லேயரில் செய்து, ஓபாசிட்டியை (அந்த லேயர் எவ்வளவு தெரியவேண்டும் என்ற சதவீதம்) 30இலிருந்து 40க்குள் நிறுத்தி, கண், உதடு, நகை, முடி ஆகிய இடங்களில் மாஸ்க்கால் அழித்துவிட வேண்டும். லைட்ரூமிலேயே முடிக்க நினைப்பவர்கள், 2019இல் வந்த டெக்ஸ்சர் ஸ்லைடரை முக மாஸ்க்கில் 15 அளவு குறைத்தால் துளைகள் இருக்கும்போதே தோல் சாந்தமாகும். கிளாரிட்டியைக் குறைத்தால் புகைமூட்டம்தான் வரும். பெரிதாக்கி வேலை செய்த பின் படத்தை ஆல்பத்தில் வரும் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதும் அவசியம். 300 சதவீதத்தில் மலையாகத் தெரிந்த புள்ளி அச்சில் தெரியவே தெரியாது. அதற்காக முகத்தை இழைத்திருப்போம்.

‘உறுத்துது’ என்பதன் காரணத்தைச் சொல்பவராலும் சுட்ட முடியாது. கருங்கூந்தலுக்கும் வெளிர் பின்னணிக்கும் நடுவே பாருங்கள். கிளாரிட்டி 40இல் ஒரு வெள்ளைக் கோடு முடியைச் சுற்றி ஓடும். இல்லையென்றால் மண்டபத் தூணைப் பாருங்கள், ஒரு டிகிரி சாய்ந்திருக்கும். இடுப்பை, வடிவத்தை இழுத்து மாற்றும் லிக்விஃபையில் உள்ளே தள்ளியிருந்தால் புடவைக் கரையின் கட்டம் அங்கே வளைந்திருக்கும். ஹோமப் புகையில், மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் போட்டிருந்தால் முகம் அழுக்காகத் தெரியும். புகை அந்தப் படத்தில் இருக்க வேண்டியதுதான், அதை விட்டுவிடலாம். ஓரங்களைக் கருக்கும் வினியெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போட்டது தெரிந்தால் அதிகம்.

பிரீசெட் பற்றிச் சொல்ல வேண்டும். அது வேறொருவர் வேறொரு வெளிச்சத்தில் வேறொரு தோலுக்கு வைத்த எண்களின் தொகுப்பு. நிழலை நீலப்பச்சைக்கும் தோலை ஆரஞ்சுக்கும் தள்ளும் பிரீசெட்டை மணமேடையில் போட்டால் மாவிலைத் தோரணம் பாசி நிறமாகும். பிரீசெட்டைத் தவிர்க்கச் சொல்லவில்லை. போட்டபின் ஒவ்வொரு ஸ்லைடரும் எங்கே நகர்ந்திருக்கிறது என்று மேலிருந்து கீழ் வரை படித்துப் பார்த்தால், அதுவே ஒரு நல்ல பயிற்சி.

சில சமயம் குறை படத்தில் இருக்காது, திரையில் இருக்கும். லேப்டாப் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து எடிட் செய்தால் படம் திரையில் பளிச்சென்று இருக்கும், ஆல்பம் அச்சடிக்கும் லேபிலிருந்து இருட்டாக வரும். அச்சுக்குப் போகும் வேலைக்கு மானிட்டரைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவிலும், வெள்ளையை 6500 கெல்வினிலும் நிறுத்தி, கேலிபரேட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) வைத்துச் சரிபார்ப்பது வழக்கம். இரவு நேர மஞ்சள் திரை அமைப்பை அணைத்திருக்க வேண்டும். இதை மறந்து ஒரு முழு ஆல்பமே நீலமாகப் போவதுண்டு. கருத்துக் கேட்க வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்பவும்; படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, தோலின் விவரம் நசுங்கிவிடும். பார்ப்பவரின் ஃபோன் திரை ‘விவிட்’ அமைப்பில் இருந்தால் அவர் ‘கலர் தூக்கலா இருக்கு’ என்று சொல்வதற்கு எடிட்டர் பொறுப்பில்லை. அதனால் வேறொரு ஃபோனிலும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

கேட்கும் விதத்திலும் பழகிக்கொள்ள வேண்டியது உண்டு. “எப்படி இருக்கு?” என்றால் “சூப்பர்” என்று வரும், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. ஒரிஜினலையும் எடிட்டையும் சேர்த்து வைத்து, “முகமும் கையும் ஒரே நிறமா இருக்காண்ணே?” என்று கேட்டால் விரல் ஒரு இடத்தில் வந்து நிற்கும். சொல்பவரும் ஒரே மூச்சில் பத்துக் குறை சொல்லாமல், வேலை நடக்கிற வரிசையில் சொல்வது நல்லது: ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், தனித்தனி மாஸ்க், தோல், கடைசியில் ஷார்ப்னஸ். ஒயிட் பேலன்ஸைத் திருத்தியதுமே கீழே இருந்த நாலு குறையில் இரண்டு காணாமல் போவதுண்டு.

12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட் என்றால் 300 டிபிஐயில் 3600க்கு 10,800 பிக்சல். லேப் வேறு கேட்டாலொழிய எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுமுறையில்தான் ஏற்றுமதி; அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி ஃபைலை, புரொஃபைலைக் (எந்த அளவுமுறை என்று சொல்லும் குறிப்பு) கவனிக்காத மெஷினில் ஓட்டினால் சிவப்பு செத்து வரும். மொத்த ஆல்பத்தையும் அனுப்புவதற்கு முன், கூரைப்பட்டு, முகம், சரிகை மூன்றும் வரும் நாலைந்து படங்களை ஒரே ஷீட்டில் போட்டுச் சோதனைப் பிரிண்ட் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கவும். ஆல்பம் வீட்டுக்குப் போனதும் அதே புடவையைப் பீரோவிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் விரித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அதனால் கல்யாணத்தன்று காலையில், புடவை கட்டுவதற்கு முன், ஜன்னலோரமாக விரித்து, சாம்பல் அட்டையை மேலே வைத்து ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.